கம்சனா செய்யாத ஒரு கண்

என் வலது கண் கண்ணாடியால் ஆனது. இதைச் சொன்ன உடனே எங்கள் ஈழத்து ஆட்கள் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, "எந்த வருசம்? எந்த இடத்திலை?" என்று கேட்பார்கள். ஷெல்லா, குண்டா என்று அறிய ஆசை. உண்மை அவ்வளவு பெருமையானது இல்லை. 1999ஆம் ஆண்டு ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத்தில் நடந்த தமிழர் விளையாட்டு விழாவில் கிரிக்கெட் பந்து பட்டுப் போன கண் அது. பந்து போட்டவன் இன்றைக்கும் என்னைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கத்துக்குப் போய்விடுகிறான். ஒருமுறை ஒரு மண்டபத்தில் என்னைப் போரில் காயப்பட்டவன் என்று நினைத்து மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அது நல்ல பட்டு. பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தப் பந்தால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை, கம்சனாவின் வேலையை முன்னால் இருந்து பார்க்கிற பாக்கியம். கம்சனாவுக்கு முப்பத்தாறு வயது. வேலை, கண் செய்வது. கண்ணாடிக் கண்கள் ஏதோ ஒரு ஆலையில் கோலிக்குண்டு மாதிரி கொட்டுகின்றன என்று நானும் ஒரு காலம் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒவ்வொன்றையும் ஒரு ஆள் நெருப்பில் உருக்கி, வாயால் ஊதி, எங்கள் முகத்துக்கு நேரே இருந்து செய்ய வேண்டும். காலை எட்டு மணிக்கு வெறும் குழியோடு போய் உட்கார்ந்தால், ஒன்பதே காலுக்குக் கண்ணோடு எழும்பி வரலாம். கண்ணீர் பட்டுப் பட்டுக் கண்ணாடி சொரசொரத்துப் போவதால் வருடத்துக்கு ஒரு தடவை புதிது வேண்டும். அதற்கு மருத்துவக் காப்புறுதிக்காரர் முணுமுணுக்காமல் காசு தருவார்கள்.

அவளுடைய மேசையைப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு காஸ் விளக்கு சீறிக்கொண்டிருக்கும். பக்கத்தில் பால் நிறக் கண்ணாடிக் குழாய்கள், ஈர்க்கில் தடிப்பில் நிறக் கண்ணாடிக் குச்சிகள். குழாயின் நுனியைச் சூடாக்கி ஊதினால் ஒரு வெள்ளை உருண்டை வரும். அதன் நெற்றியில் மண்ணிறக் குச்சியைத் தொட்டுத் தொட்டு உருக்கி விழியை வரைவாள். நடுவில் கறுப்பு. அதன்மேல் நீர் போலத் தெளிந்த கண்ணாடி ஒரு சொட்டு. பிறகு நூலை விட மெல்லிய சிவப்புக் கண்ணாடியால் நரம்புகள். கடைசியில் உருண்டையின் பின்புறத்தைச் சூடாக்கி, குழாய் வழியாக மூச்சை உள்ளே இழுப்பாள். உருண்டை அடங்கிச் சிப்பி மாதிரி ஆகிவிடும். இவ்வளவும் நடக்கும்போது குழாய் அவள் விரலில் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். நின்றால் கண் ஒரு பக்கம் தொங்கிவிடும்.

மண்ணிறக் கண் செய்வது சுலபம், நீலக் கண்தான் கடினம் என்று நான் ஒருமுறை அறிவாளி மாதிரிச் சொன்னேன். கம்சனாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மாமா, உங்கட கண்ணிலை எத்தனை மண்ணிறம் இருக்கெண்டு தெரியுமோ? ஐஞ்சு. அதை விடுங்கோ. எங்கட ஆக்களின்ரை வெள்ளை வெள்ளையே இல்லை. கொஞ்சம் மஞ்சள், ஓரத்திலை கொஞ்சம் பழுப்பு. அதை இங்கத்தை ஜெர்மன்காரர் ஆரும் பாக்கிறேல்லை. வெள்ளையெண்டால் வெள்ளைதானே எண்டு ஊதிக் குடுத்திடுவினம்."

என்னுடைய உயிர்க் கண்ணில், மணிக்கூட்டில் நாலு இருக்கும் இடத்தில், கடுகளவு ஒரு மண்ணிறப் புள்ளி உண்டு. ஐம்பது வருடம் நான் கவனித்ததில்லை. அவள் முதல் நாளே கண்டுபிடித்து, செய்த கண்ணிலும் ஒரு புள்ளி வைத்தாள். பூக்கள் பூக்கிற மாதங்களில் கண் சிவந்து வடிகிற ஒரு ஜெர்மன்காரிக்கு இரண்டு கண் செய்து கொடுத்திருக்கிறாள். நரம்பு கூடினது வசந்தத்துக்கு, குறைந்தது மற்ற மாதங்களுக்கு. தன்னைப் பெண் பார்க்க வந்த ஒரு பொறியியலாளரை அரை மணித்தியாலம் கண்வெட்டாமல் பார்த்தாளாம். மனிதன் நாணிக் கோணி இருக்க, "இடது கண்ணிலை ஒரு இடம் தடிச்சிருக்கு, டொக்டரிட்டைக் காட்டுங்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். சம்பந்தம் அதோடு சரி. தனியாகத்தான் இருக்கிறாள்.

இப்படிப்பட்டவளுடைய சொந்தத் தகப்பனுக்கும் ஒரு கண் இல்லை. கதிர்காமநாதன் அண்ணைக்கு இடது கண். அது உண்மையாகவே ஷெல் பட்டது, 1987இல், சுன்னாகத்தில். ஆனால் அவர் தன் கண்ணை மகளிடம் செய்விப்பதில்லை. வருடா வருடம் ரயில் ஏறிக் கோல்ன் நகரத்துக்குப் போய், அங்கே ஒரு ஜெர்மன்காரனிடம் செய்வித்துக்கொண்டு வருவார்.

எனக்கு இது மண்டையைக் குடைந்த விஷயம். என் சுபாவம் அப்படி. முற்றத்து மல்லிகைக்கு மணமில்லை என்று அண்ணையைக் குத்திக் கேட்டால், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காரணம் சொல்வார். சொந்தத்துக்குள் வைத்தியம் கூடாது என்பார். கோல்ன்காரனுக்குத் தன் கண் பழகிவிட்டது என்பார். கோல்னில் மீன் மலிவு என்றுகூட ஒருமுறை சொன்னார். கம்சனாவிடம் கேட்டால், "அவருக்கு விருப்பமில்லை மாமா" என்பாள். அவ்வளவுதான். குரல் மட்டும் சின்னதாகிப் போகும்.

அவளுக்கு அது எவ்வளவு வலி என்பது ஞாயிற்றுக்கிழமைகளில் தெரியும். ஞாயிறு மதியம் அண்ணைக்கும் எனக்கும் அவள் வீட்டில்தான் சாப்பாடு. இருவரும் மனைவியை இழந்தவர்கள், சமையலும் தெரியாதவர்கள். மேசையில் அண்ணைக்கு நேர் எதிரே கம்சனா இருப்பாள். அவருடைய இடது கண் பல்லுத் தீட்டினது மாதிரி வெள்ளையாகப் பளபளக்கும். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே அதைப் பார்ப்பாள். பிறகு வலது கண்ணைப் பார்ப்பாள். தையல்காரன் வீட்டில் தகப்பன் கோணல் சட்டையோடு இருந்தால் எப்படி இருக்கும்? அப்படி. வேலை பழகி முடித்துத் தானே கண் செய்யத் தொடங்கிய பிறகும் பதினொரு வருடம் அந்தப் பிழையைப் பார்த்துக்கொண்டு அவள் சோறு சாப்பிட்டாள். தன் கையால் அந்த ஒரு கண்ணைச் செய்ய வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வாழ்க்கையில் பெரிய ஆசை எதுவும் இருந்ததாக நான் அறியேன்.

அவள் இந்த வேலைக்கு வந்ததே தகப்பனால்தான். எங்கள் வீடுகளில் பிள்ளைகள்தான் மொழிபெயர்ப்பாளர்கள். வெளிநாட்டவர் அலுவலகம், வரி அலுவலகம், பல் டொக்டர், நேரம் குறித்துப் போகிற எந்தத் தேர்மின் என்றாலும் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போய், "சொல்லு பிள்ளை" என்று முன்னால் தள்ளுவோம். கம்சனாவும் ஏழு வயதிலிருந்து அப்படித்தான். எல்லாத் தேர்மினுக்கும் அவளைக் கூட்டிப் போன அண்ணை, வருடத்தில் ஒரு தேர்மினுக்கு மட்டும் தனியாகப் போனார். அரைகுறை ஜெர்மனோடு. அது என்ன தேர்மின் என்று அவளுக்கு அறிய வேண்டும். பதினைந்து வயதில், அவருடைய சட்டைப் பையில் இருந்த அட்டையில் விலாசத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் இரண்டு கிழமை எங்காவது போய் வேலை பழகச் சொல்வார்களே, அதற்கு நேரே அந்த விலாசத்துக்குப் போய்க் கதவைத் தட்டினாள். அது கண் செய்கிற இடம்.

தகப்பனுடைய ஒரு கண் பார்க்காது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கண் இல்லாத அந்தக் குழியை அவள் ஒருநாளும் கண்டதில்லை. அண்ணை கண்ணைக் கழற்றிக் கழுவுவது பூட்டிய குளியலறைக்குள்தான். பத்தொன்பது வயதில் அவளை அதே இடத்தில் வேலை பழக எடுத்தார்கள். அண்ணை "நல்லது" என்று மட்டும் சொன்னார். அடுத்த வருடத்திலிருந்து அந்த இடத்தை விட்டுக் கோல்னுக்குப் போகத் தொடங்கினார்.

இவ்வளவு நாளும் இப்படியே ஓடியது. போன வருடம் ஒரு வியாழக்கிழமை அண்ணை ஒரு கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றார்.

"அம்புறோஸ், விழுந்து உடைஞ்சு போச்சு. கழுவேக்கை."

கண்ணாடிக் கண்காரர்கள் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம், கழுவும் தொட்டியில் ஒரு துவாயை விரித்துவிட்டுக் கண்ணைக் கழற்ற வேண்டும் என்பது. முப்பத்தைந்து வருடமாக விரித்தவர் அன்றைக்கு விரிக்க மறந்துவிட்டார். கோல்ன்காரன் விடுமுறையில். புதன்கிழமைதான் திறப்பான். நடுவில் ஞாயிற்றுக்கிழமை கிடக்கிறது.

"வருத்தமெண்டு சொல்லி வீட்டிலை நில்லுங்கோவன் அண்ணை."

"வருத்தமெண்டால் ரசம் வைச்சுக்கொண்டு வந்து நிப்பாள். கண்ணைக் கட்டிக்கொண்டு போனால், நான் செய்து தாறன் எண்டு நிப்பாள்." மற்றக் கையால் கதவு நிலையைப் பிடித்தார். "உன்ரை பழசு ஒண்டு இருந்தால் தாவன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

என்னுடைய பழைய கண்கள் மருந்துக் குளிசை போட்டு வைக்கிற பெட்டியில் இருக்கின்றன, திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு அறையில் ஏழு கண். இன்னொருவர் செருப்பைப் போட்டாலே கால் கடிக்கும். இது கண். அதுவும் என்னுடையது வலது, அவருடையது இடது. இரண்டுக்கும் வடிவமே வேறு. இதையெல்லாம் நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வாசலில் ஒரு பெரிய மனிதன் கண்ணைப் பொத்திக்கொண்டு கேட்கும்போது எப்படி இல்லை என்பது? செவ்வாய்க்கிழமை அறையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அதைப் போட்டுக்கொண்டு வந்தார். வலது கண் என்னைப் பார்த்தது. இடது கண் டுசல்டோர்ஃப் நகரத்தின் பக்கமாகப் பார்த்தது. இமை சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. "எப்பிடி?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். கடவுள் மன்னிக்கட்டும்.

கம்சனா நண்டுக் கறி வைத்திருந்தாள். அண்ணை முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு சாப்பிட்டார். அவளோ நண்டுக் காலைக் கையில் வைத்தபடியே இருந்தாள். உடைக்கவில்லை. பிறகு அவள் என் பக்கம் திரும்பி, மிக மரியாதையாகக் கேட்டாள்:

"அம்புறோஸ் மாமா, உங்கட ரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டுக் கண் ஏன் அப்பாவின்ரை முகத்திலை இருக்கு?"

கடுகளவுப் புள்ளி காட்டிக் கொடுத்துவிட்டது. நான் வாயைத் திறந்தேன், நண்டு ருசியாக இருக்கிறது என்று ஏதோ உளறினேன். அண்ணை கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார்.

பத்து நிமிடம் தண்ணீர் ஓடுகிற சத்தம். பிறகு, "அம்புறோஸ், ஒருக்கால் வா."

உள்ளே போனேன். இமை வீங்கிக் கண்ணைக் கவ்விப் பிடித்திருந்தது. எனக்கு என் கண்ணைக் கழற்றத் தெரியும். இன்னொருவருடையதைக் கழற்றிப் பழக்கமில்லை. இரண்டு தரம் முயன்றேன், அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு ஏலாது அண்ணை. காயம் வந்திடும்."

அவர் குழாயை மூடினார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. எனக்கு அது ஒரு முழுப் பூசை நேரம் மாதிரி இருந்தது.

"சரி. அவளைக் கூப்பிடு," என்றார்.

கம்சனா கையைச் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவினாள். என்னை வெளியே போகச் சொன்னாள். கதவு திறந்தபடி இருந்ததால் அவளுடைய முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. பத்து விநாடிகூட ஆகவில்லை. கண்ணைக் கழற்றி, குழியைக் கழுவி, துணி வைத்துக் கட்டிவிட்டு வந்தாள். என் 2019ஆம் ஆண்டை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, அண்ணையைப் பார்த்துச் சொன்னாள்:

"வீக்கம் வத்த ரண்டு நாள் வேணும். செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு இடம் வைக்கிறன். வாறதெண்டால் வாங்கோ."

செவ்வாய் அவளிடம். புதன் கோல்னில். இரண்டும் திறந்துதான் இருந்தன. திங்கள் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. மனிதன் எந்தப் பக்கம் போவார்? நான் அவர் இடத்தில் இருந்தால் வெட்கத்தில் கோல்னுக்குத்தான் போயிருப்பேன். செவ்வாய் ஏழு மணிக்கு என் கதவு தட்டப்பட்டது. தேய்த்த சட்டை, கண்ணில் கட்டு, காலில் பளபளப்பான சப்பாத்து. "நீயும் வா," என்றார். தண்டவாளத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டு ஓடுகிற எங்கள் ஊர் ரயிலில் ஏழு தரிப்பிடம்.

கம்சனா அவரைத் தன் முன்னால் இருத்தினாள். கட்டை அவிழ்க்கச் சொன்னாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பி அவிழ்த்தார், திரும்பினபடியே இருந்தார்.

"அப்பா, நிறம் பாக்கவேணும். என்னைப் பாருங்கோ."

மெதுவாகத் திரும்பினார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அதில் எனக்குக் கெட்டித்தனம் போதாது, அரைவாசி நேரம் அவர்களைத்தான் பார்த்தேன்.

அவள் கீழ் இழுப்பறையைத் திறந்தாள். பஞ்சில் படுத்திருந்தன உருண்டைகள். விழி வரைந்து முடித்தவை, நரம்பும் வடிவமும் மட்டும் பாக்கி. மற்ற இழுப்பறைகளிலும் அப்படி நூற்றுக்கணக்கில் உண்டு. ஆனால் இவை எல்லாம் ஒரே மண்ணிறம், ஓரம் பழுத்த ஒரே வெள்ளை. பதினொன்று எண்ணினேன். வருடத்துக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் சோற்றுக்கு மேலால் அவருடைய வலது கண்ணைப் பார்த்துப் பார்த்துச் செய்து வைத்திருக்கிறாள். பொல்லாத பெட்டை, ஒருநாளும் வாய் திறக்கவில்லை.

ஒன்றை எடுத்து நெருப்பில் வைத்தாள். நரம்புகளை வரைந்தாள். மேலே பாருங்கோ, கீழே பாருங்கோ என்றாள். குழாயை வாயில் வைத்து ஊதத் தொடங்கினாள். வாயில் குழாய், இரண்டு கையிலும் சுழலுகிற கண்ணாடி. பதில் சொல்ல வழியில்லாத அந்த நேரம் பார்த்து அண்ணை வாய் திறந்தார்.

"உனக்குப் பதினொரு வயசு. அம்மாவின்ரை ரிசல்ட் வந்த நாள். டொக்டர் சொல்லச் சொல்ல, நீதான் தமிழிலை சொன்னனி. இனி ஒண்டும் செய்ய ஏலாதெண்டு அம்மாவுக்கு உன்ரை வாயாலை சொல்ல வைச்சனான். எனக்கு வேற ஆளைத் தேடத் தெரியேல்லை. அண்டைக்கு நினைச்சனான், இனி இந்தப் பிள்ளைக்கு ஒரு காயத்தையும் காட்டக்கூடாதெண்டு. என்ரை கையிலை மிச்சமிருந்தது இது ஒண்டுதான்."

காஸ் விளக்கு சீறிக்கொண்டிருந்தது. கம்சனாவின் கண்ணிலிருந்து நீர் இறங்கித் தாடை வரை ஓடியது. துடைக்கக் கை இல்லை. விரல்கள் நிற்கவில்லை, குழாய் ஒரே வேகத்தில் சுழன்றது. அவள் மூச்சை இழுத்தாள், உருண்டை அடங்கிச் சிப்பியானது. விளிம்பை உருக்கி வழவழப்பாக்கி, சூடாக்கின ஒரு தகரப் பேணிக்குள் ஆற வைத்தாள். அதற்குப் பிறகுதான் முழங்கையால் முகத்தைத் துடைத்தாள்.

"அண்டைக்குச் சொன்னது எனக்குப் பாரமில்லை அப்பா," என்றாள். "அம்மாவுக்கு நான் சொன்னபடியால் அவ என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு கேட்டவ. பிறகு நீங்கள் எனக்கு ஒண்டையும் காட்டாமல் விட்டியள். அதுதான் பாரம். நான் என்ன பிழை விட்டனானெண்டு இருபத்தைஞ்சு வருசம் யோசிச்சனான்."

அண்ணை தலையை ஆட்டினார், ஓம் ஓம் என்று, பல தரம்.

கண் ஆறுவதற்கு அரை மணித்தியாலம். அவள் தேத்தண்ணீர் போட்டாள், மூன்று பேரும் குடித்தோம். அண்ணை கட்டை மறுபடி கட்டவில்லை. பிறகு அவள் கண்ணைத் தண்ணீரில் நனைத்துப் போட்டுவிட்டாள். முகம் பார்க்கும் கண்ணாடியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"போட்டிருக்கிற எனக்கு இது தெரியாது. முன்னாலை இருக்கிற ஆள் நீதான். உனக்குச் சரியோ?"

எனக்குத் தெரிந்தது ஒற்றைக் கண்ணால்தான் என்றாலும், இருபத்தைந்து வருடம் கண்ணாடிக் கண்ணோடு புழங்கியவன் நான். அவ்வளவு பொருத்தமான சோடியை நான் கண்டதில்லை. எது ஷெல் தின்ற பக்கம் என்று கேட்டால் தடுமாறியிருப்பேன். சூப்பர் அண்ணை என்று சொல்ல எழும்பியும்விட்டேன்.

கம்சனா, கண்ணை அல்ல, அவருடைய முகத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"இல்லை அப்பா," என்றாள். "சரியில்லை. இன்னும் பத்து இருக்கு. கழட்டுங்கோ, திரும்பச் செய்வம்."

அண்ணை அவளைப் பார்த்தபடியே, முகத்தைத் திருப்பாமல், தன் கையால் கண்ணைக் கழற்றி அவளுடைய கையில் வைத்தார்.